வெறும் பாறை என்ற சொல்லுக்கு என் ஆட்சேபணை

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

நான் நலம். நீயும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். நலமா என்று கேட்டால் உன் முழங்காலைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிடுகிறாய். உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு. குழந்தைகளில் மூத்தவனுக்கு முப்பத்தாறு வயது ஆகிறது என்பது எனக்குத் தெரியும். நீ அப்படி எழுதுவதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. தேதி போடவில்லை. "அக்கா, கம்பெனிக்காரங்க எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுடாதே. அடியில செம்பு இருந்துச்சுன்னா நம்ம வீடே போயிடும். பேசாம எங்ககூட வந்து இரு, மாடியில ஒரு ரூம் சும்மாத்தான் கிடக்கு" என்று எழுதியிருந்தாய். பேசுவது போலவே கடிதம் எழுதும் பழக்கத்தை ஐம்பது வருடமாகக் கண்டித்து வருகிறேன், பயனில்லை. வரிசையாகப் பதில் சொல்கிறேன். வீடு எங்கும் போகவில்லை, இருந்த இடத்திலேயே இருக்கிறது. மாடியில் சும்மா கிடக்கும் அறையில் நானும் சும்மா கிடக்க எனக்கு நேரமில்லை. கையெழுத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உன் கடிதம் வருவதற்கு ஏழு வாரம் முன்பு கம்பெனியின் நில அதிகாரி நான்கு பக்கக் காகிதம் ஒன்றைக் கொண்டுவந்தார். வீட்டை அப்பா நம் இருவர் பேரிலும் எழுதிவைத்தார் என்பதும், பின்பக்க நிலத்தை உன் அத்தான் வாங்கி என் பேரில் மட்டும் பதிந்தார் என்பதும் உனக்குத் தெரியும். அந்தப் பின்பக்க நிலத்தில் ஆழமாகத் துளை போட்டு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க என் சம்மதத்தைக் கேட்டிருந்தார்கள். "செம்பு தேடறோம்மா" என்றார். செம்புதான் வேண்டுமென்றால் சமையலறையில் இரண்டு இருக்கின்றன, ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். சிரிக்கவில்லை. இந்த வேலைக்கு ஆள் எடுக்கும்போது சிரிக்கத் தெரியாதவர்களாகப் பார்த்துத்தான் எடுப்பார்கள் போலிருக்கிறது. "மாதிரி எடுத்துட்டுப் போயிடுவோம்மா, அவ்வளவுதான்" என்றார். எந்த மாதிரி என்றேன். "மண் மாதிரி, கல் மாதிரி" என்றார். மண் மாதிரி இருப்பதெல்லாம் மண்ணாகத்தானே இருக்கும் என்று கேட்டேன். படித்துப் பார்த்து வையுங்கள், நாளைக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று கிளம்பிவிட்டார். படித்துப் பார்த்தேன். அதுதான் வினை.

அதை எழுதியவர் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவர். 'நிலத்தினை துளையிட' என்று ஒற்றை விழுங்கியிருந்தார். 'ஒரு ஆழ்துளை' என்றிருந்தார். மூன்றாம் பக்கத்தில் கனிமவளம் 'கணிமவலம்' ஆகியிருந்தது. அந்த வலத்தைத் தேடி இவர்கள் பாதாளம் வரை போனாலும் கிடைக்குமா? கான்வென்ட்டில் படித்தவளுக்குத் தமிழ் வராது என்று சொல்கிறவர்கள் எங்கள் தமிழ் சிஸ்டரிடம் படிக்காதவர்கள். நாங்கள் கல்யாணப் பத்திரிகையைக் கையில் வாங்கினால் மாப்பிள்ளை பெயரைப் பார்க்கும் முன்பு ஒற்றுப்பிழையைப் பார்ப்போம். சிவப்பு மையை எடுத்தேன். முப்பத்தொரு திருத்தம். சிஸ்டர் எங்களுக்கு ஒரு விதி வைத்திருந்தார்: திருத்தியவர் திருத்திய இடத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும், இல்லாவிட்டால் அது திருத்தம் அல்ல, கிறுக்கல். ஆகவே முப்பத்தொரு இடத்திலும் என் சுருக்கொப்பத்தை இட்டேன். மறுநாள் அதிகாரி வந்து புரட்டினார், விரல் வைத்து எண்ணினார், மறுபடி எண்ணினார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அம்மா, கடைசிப் பக்கத்துல ஒரே ஒரு கையெழுத்து வாங்கறதுக்கு ஒவ்வொருத்தரும் என்னைப் பத்துத் தடவை நடக்க விடறாங்க. நீங்க வரிக்கு வரி சம்மதம் சொல்லியிருக்கீங்க. என் சர்வீஸ்ல இப்படி ஒரு மனசை நான் பார்த்ததில்ல." என் எழுத்தழகைத்தான் பாராட்டுகிறார் என்று நினைத்து நானும் நன்றி சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வருகிறோம் என்றார். திருத்திய பிரதியோடு வருவார்கள் என்று நினைத்து, வாருங்கள், தாமதிக்காதீர்கள் என்றேன்.

திங்கட்கிழமை இரண்டு லாரி வந்தது. ஒன்றில் இரும்புக் கோபுரம் படுத்திருந்தது, இன்னொன்றில் குழாய்களும் ஆறு ஆட்களும். அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. அந்த நிமிடமே நிறுத்தியிருக்கலாமே என்பாய். நீ சுலபமாகச் சொல்லிவிடுவாய். ஒன்றும் தெரியாமல் முப்பத்தொரு இடத்தில் கையெழுத்துப் போட்ட கிழவி என்று பெயர் வாங்குவதா, தெரிந்தேதான் போட்டேன் என்று நிற்பதா? நான் கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டு மணிக்கு வரவேண்டியவர்கள் எட்டு நாற்பதுக்கு வந்திருக்கிறீர்கள் என்று கேட்டைத் திறந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டார்கள். அன்று முதல் அந்த இடத்தில் யார் கை ஓங்கியிருந்தது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

ஆட்களுக்குத் தலைவர் ஒரு மேஸ்திரி. முப்பது வருடம் எந்திரத்தின் பக்கத்தில் நின்று காது மந்தமாகிவிட்டதால் நன்றி சொன்னால்கூடச் சண்டைக்கு வருவது போலத்தான் இருக்கும். குழாயின் முனையில் வைரத்தூள் பதித்த பல் இருக்கிறதாம், அதுதான் பாறையை அறுத்துக்கொண்டு இறங்குகிறதாம். கையில் இருக்கும் வைரத்தைக் கொண்டு கையில் இல்லாத செம்பைத் தேடுகிறவர்களின் சாமர்த்தியத்தை நீயே மெச்சிக்கொள். சத்தத்தைப் பற்றிக் கேட்காதே. கண்ணாடி அலமாரியில் தட்டுகள் தாமாகவே ஒன்றையொன்று இடித்துக்கொண்டு பேசின. இடையிடையே செய்தித்தாள் வைத்து வாயை அடைத்தேன். பிற்பகல் இரண்டிலிருந்து மூன்று வரை நான் படுப்பேன், எந்திரம் நிற்க வேண்டும் என்றேன். மேஸ்திரி ஒரு வார்த்தை மறுக்கவில்லை. ஆனால் இரண்டு பத்துக்குச் சன்னலுக்கு வெளியே நின்று, "பெரியம்மா தூங்கிட்டாங்களாப்பா?" என்று தன் ஆட்களிடம் விசாரிப்பார். தெருக்கோடியில் தூங்குகிறவர்களும் எழுந்துவிடுவார்கள். மூன்றாம் நாளிலிருந்து, இன்னும் தூங்கவில்லை என்று உள்ளேயிருந்து நானே பதில் சொல்லப் பழகிக்கொண்டேன்.

குழாய்க்குள்ளிருந்து கல் நீளநீளமாக உருண்டு வருகிறது, மெழுகுவர்த்தி போல. அதைக் கோர் என்கிறார்கள். நீளமான மரப்பெட்டிகளில் வரிசையாக அடுக்கி, எத்தனையாவது மீட்டரில் கிடைத்தது என்று எழுதி, உன் அத்தானின் கார் நின்ற கொட்டகையில் வைத்தார்கள். அதைப் பார்த்து எழுதிக்கொள்ள நிலவியல் படித்த ஒரு பெண் வருவாள்; முழங்கால் வரை பூட்ஸ், கழுத்தில் ஒரு பூதக்கண்ணாடி, கையில் சுத்தியல். கெட்டிக்காரிதான், கையெழுத்துதான் கோழி கிளறியது. அவள் எழுதிய ஏழு ஒன்று போல இருந்தது, ஒன்று எதைப் போலவும் இல்லை. எல்லாப் பெட்டிக்கும் நான் அட்டை எழுதி ஒட்டினேன். அவள் முதலில் முகம் சுளித்தாள். "புத்தகம் படிக்கற மாதிரி இடமிருந்து வலமா, மேலிருந்து கீழா அடுக்கியிருக்கும்மா, எதையும் நகர்த்திடாதீங்க" என்றாள். அப்படியா, புத்தகமென்றால் எனக்கும் படிக்கத் தெரியுமே என்று நாள்தோறும் படித்தேன். பதினான்காவது பெட்டியில் கதை முன்னுக்குப்பின் முரணாக இருந்தது. பதின்மூன்றாவது பெட்டி வரிவரியான சாம்பல் நிறக் கல்லில் முடிகிறது, பதினைந்தாவது பெட்டி கறுப்பில் தொடங்குகிறது; இடையில் இருப்பதோ கறுப்பில் தொடங்கிச் சாம்பலில் முடிகிறது. அவளிடம் சொன்னேன். குனிந்து பார்த்தாள், உட்கார்ந்து பார்த்தாள். "பெட்டி தலைகீழா இருக்கு. நான் கவனிக்கவே இல்லையே" என்றாள். அடுக்கியவனை மேஸ்திரி கூப்பிட்டுத் தம் வழக்கமான குரலில் விசாரித்தார். அது எங்கள் தெருவுக்கு மட்டுமல்ல, அடுத்த தெருவுக்கும் தெரியும். அன்றிலிருந்து புதுப்பெட்டி வந்தால் அந்தப் பெண், "ஒரு பார்வை பார்த்துடுங்கம்மா" என்று என் பக்கம்தான் தள்ளுவாள். ஈரத்துணியால் கல்லைத் துடைத்தால் நிறம் எடுத்துக் காட்டும் என்பதும், பச்சைத் திட்டு தெரிந்தால் செம்பு பக்கத்தில் இருக்கலாம் என்பதும் இப்போது எனக்கு அத்துப்படி. ஒரு நாள் நூற்று நாற்பதாவது மீட்டரில் மஞ்சளாக மினுங்கியது. அவள் கழுத்திலிருந்த பூதக்கண்ணாடியை நான் பிடுங்கினேன் என்று நீ நினைத்தால் அது என் பார்வைக் குறைவினால். "அது பார்க்கத்தான் பொன்னு, வெறும் கந்தகமும் இரும்பும்" என்றாள். மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்று மூன்றாம் வகுப்பில் ஒரு நோட்டு முழுக்க எழுதியவளிடம் அவள் அதைச் சொன்னாள்.

இப்படி ஆறு வாரம், இருநூற்றுப் பன்னிரண்டு மீட்டர். போன வியாழக்கிழமை எந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். நோயாளியின் சொந்தக்காரரிடம் டாக்டர் வருகிற மாதிரி அந்தப் பெண் என்னிடம் வந்தாள். "ஒண்ணும் இல்லம்மா. வெறும் பாறை" என்றாள். நியாயமாக நான் கை தட்டியிருக்க வேண்டும். நீ பயந்தபடி வீடு போகாது, தெரு போகாது, யாரும் நம்மை அசைக்க முடியாது. ஆனாலும் 'வெறும்' என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு மீட்டர் பாறையை வெறும் என்று எப்படிச் சொல்வது, வெறும் என்றால் உள்ளே ஒன்றும் இல்லாதது அல்லவா, இதில் பாறை இருக்கிறதே என்று கேட்டேன். மேஸ்திரி சமாதானம் செய்ய வந்தார். "பெரியம்மா, நல்ல கல்லு. எந்தக் காலத்துலயும் அசையாது. உங்களை மாதிரி" என்று கத்தினார். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

இதில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு, அதை நான் கவனிக்கவில்லை. கிழக்குப் பக்கத்து வீட்டில் லாரி முதலாளியின் மனைவி இருக்கிறாள் அல்லவா, அவர்கள் பின்பக்கத்திலும் துளை போட்டார்கள், அங்கே தொண்ணூறாவது மீட்டரிலேயே செம்பு கிடைத்துவிட்டதாம். சுவருக்கு மேலே தலையை நீட்டி, "அக்கா, எங்களை வேற இடத்துல புது வீடு கட்டி உக்கார வைக்கப் போறாங்களாம். உங்க பக்கம் ஒண்ணுமே இல்லையாமே, பாவம்" என்றாள். பாவமாம். இருக்கிற வீட்டை விட்டுப் போகிறவளுக்கு எதற்கு அத்தனை பல் தெரிய வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. வாழ்த்துகள் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அவளைப் பற்றி அதற்குப் பிறகு நினைக்கவே இல்லை.

நேற்று லாரிகள் போய்விட்டன. துளைக்கு இரும்பு மூடி போட்டு, எண் எழுதி, மண்ணைச் சமன் செய்து, கேட்டை மூடிவிட்டுத்தான் போனார்கள். வீடு மிக அமைதியாக இருக்கிறது. பிற்பகலில் இரண்டிலிருந்து மூன்று வரை எந்தத் தொந்தரவும் இல்லாமல் விழித்துக்கொண்டிருக்க முடிகிறது. ஆகவே தம்பி, நான் இந்த விவகாரத்தை ஆரம்பம் முதல் முடிவு வரை திறம்படக் கையாண்டு நம் வீட்டைக் காப்பாற்றிவிட்டேன் என்பதை உனக்கு மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன். நான் உயிரோடிருக்கும் வரை இந்தக் கேட்டுக்குள் இனி ஓர் எந்திரம் நுழையாது. நீயும் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதே. உன் மனைவியிடம் அந்த அறையை வேறு நல்ல காரியத்துக்குப் பயன்படுத்தச் சொல். கடவுள் உங்கள் எல்லோரையும் நல்ல உடல்நலத்தோடும் நல்ல எழுத்துநடையோடும் வைத்திருப்பாராக.

உன் அன்புள்ள
அக்கா

பின்குறிப்பு: இத்துடன் ஒரு படிவம் இணைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுச் செம்பு நேராக இறங்கவில்லை, மேற்கே சாய்ந்து நம் சாப்பாட்டு அறைக்கு அடியில் வருகிறதோ என்று நிலவியல் பெண்ணுக்கு ஒரு சந்தேகம். நானாக இந்தப் பேச்சை எடுக்கவில்லை. மூன்றாவது முறை கேட்டபோது அவளேதான் சொன்னாள். சமையலறை மூலையிலிருந்து சரிவாக ஒரு துளை, முந்நூறு மீட்டர், எட்டு வாரம், ஒருவேளை ஒன்பது. வீடு நம் இருவர் பேரிலும் இருப்பதால் உன் சம்மதமும் தேவைப்படுகிறது. கிடைத்துவிட்டால் வீடு போய்விடுமே என்று எழுதி நேரத்தை வீணாக்காதே. அது எனக்குத் தெரியாதா? தொண்ணூறு மீட்டரில் கிடைத்தது பெரிதா, முந்நூறு மீட்டரில் கிடைப்பது பெரிதா என்பதை மட்டும் யோசித்துப் பார். பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்திட்டு உடனே தபாலில் சேர்த்துவிடு. பால்காரரிடம் அடுத்த திங்கட்கிழமையிலிருந்து எட்டுப் பேருக்குப் பால் சொல்லியாகிவிட்டது.