பூசணிக்காயும் என் வலது கையும்

கல்யாணம் ஆக வேண்டும் என்பதற்காக நான் சொன்னது ஒரே ஒரு பொய்தான். கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பி ஆலையில் பர்மனென்ட் என்று. (பத்து வருஷமாகக் கான்ட்ராக்ட்.) மாட்டிக்கொண்டதோ, கூடவே சொன்ன உண்மையால்.

ஆலையின் பழைய ஷெட் ஒன்றுக்குப் பெயின்ட் அடித்து, ஏசி போட்டு மியூசியம் ஆக்கியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் வரலாம். கம்பி இழுக்கும் முதல் மெஷினும், அதற்குப் போட்ட ஆயுத பூஜையின் போட்டோவும் உள்ளே இருப்பதாகக் கேள்வி. அந்தப் பூஜையில் மெஷினுக்குத் திருஷ்டிப் பூசணிக்காய் சுற்றியவன் நான். ஊத்துக்கோட்டையில் கலாவைப் பெண் பார்க்கப் போனபோது, "மியூசியத்துல என் போட்டோ மாட்டிக்கீறாங்க மாமா" என்று அவள் அப்பாவிடம் பெருமையடித்துவிட்டேன். (நிச்சயம் ஆகும் முன்பே மாமா!)

"அப்ப அதப் பாத்துட்டே முடிவு பண்ணிக்கலாம்" என்றார். அடுத்த ஞாயிறே கலாவோடு வந்து இறங்கிவிட்டார்.

நானும் அன்றுதான் முதல் தடவையாக உள்ளே போனேன். மெஷினுக்கு மஞ்சள் பெயின்ட். சுற்றிலும் கயிறு. முன்னால் ஒரு பித்தளைப் பலகை, அது எப்போது வேலைக்கு வந்தது, எப்போது ஓய்வு பெற்றது என்று விவரமாக. எனக்கு அப்படி ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. வருஷத்துக்கு ஒரு கான்ட்ராக்டர் மாறுவார், நானும் வருஷா வருஷம் புதிதாக வேலைக்குச் சேருவேன். வயிறு எரிந்தது.

கயிற்றுக்கு அந்தப் பக்கம், சுவர் முழுக்கப் போட்டோ. நடுவில் மேனேஜர், பக்கத்தில் மாலையும் கழுத்துமாக மெஷின். ஓரத்தில் பூசணிக்காய், அதைத் தாங்கிய ஒரு கை. மணிக்கட்டோடு என்னை வெட்டியிருந்தார்கள்.

"நீ எங்கப்பா கீறே?"

"அந்தக் கை, மாமா."

"பூசணிக்காயப் புட்ச்சிக்கினு கீதே, அதுவா?"

சந்தேகத்தைத் தீர்க்க நானே கயிற்றைத் தாண்டிப் போய் என் கையைப் போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். (அறிவுக்கொழுந்து.)

"இன்னா தம்பி, உன் கையில இம்மாம் பெரிய தழும்பு கீது. அதுல ஒன்னியும் காணமே?"

"இது அப்புறமா ஆச்சு மாமா. இதே மெஷின்லதான். சூடான கம்பி வழுக்கி..."

அதற்குள் வாசலில் இருந்த செக்யூரிட்டி கத்தினார். "யோவ் கான்ட்ராக்ட்டு! கயித்துக்கு இப்பால வா! மெஷினுக்கு எதுனா ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். "பர்மனென்ட்டுன்னியே?" என்றார். அவர் விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். அவமானத்தில் அந்த மெஷினுக்குள்ளேயே புகுந்துவிடலாம் போல இருந்தது.

கலா மட்டும் நின்றாள். "ரொம்ப வலிச்சுதா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றேன். (இதையும் சேர்த்தால் இரண்டு பொய்.)

அவள் பிடித்த பிடிவாதத்தில்தான் கல்யாணம் நடந்தது. நான் இன்னும் கான்ட்ராக்ட். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் போதும், மாமா முழுக் கதையையும் சொல்லி, "மாப்ள, கையக் காட்டு" என்பார். காட்டுவேன். "எனுக்குக் காட்டுனது அந்தக் கை, தாலி கட்டுனது இந்தக் கை" என்று கலா முடித்து வைப்பாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எனக்கு ஒரு தடவைகூடச் சிரிப்பு வந்ததில்லை. அந்தக் கை ஏசியில் இருக்கிறது. இந்தக் கைக்கு நாளைக் காலை ஆறு மணிக்கு ஷிப்ட்.