கண்ணீர் அஞ்சலிக்குப் பிறகு பஞ்சநாதன் எழுதுவது

பண்ருட்டி பலாப்பழ மண்டி தேவநாதன் மச்சானுக்கு, கடலூரிலிருந்து தங்கள் தங்கை தனத்தின் புருஷன் பஞ்சநாதன் கும்பிட்டு எழுதிக்கொண்டது. நான் உயிரோடு இருக்கிறேன். தாங்களும் அக்காவும் சௌக்கியமாக இருக்க நடராஜர் துணை. போனில் பேசினால் தனம் காதில் விழும் என்றுதான் கடிதம்.

தங்கள் மருமகள், என் மகள் அருள்மொழி அண்ணாமலை நகரில் குவாண்டம் ஆராய்ச்சி செய்கிறாள் அல்லவா. மிஷின் ஒன்றும் கிடையாது, பேப்பரும் பேனாவும்தான். அதோடு நிறுத்தியிருந்தால் எனக்கு இந்தச் சாவு வந்திருக்காது. அணுவுக்குள் இருக்கும் துகள் ஒரே நேரத்தில் இப்படியும் இருக்கும் அப்படியும் இருக்கும், பார்க்கும்போதுதான் ஏதாவது ஒன்றாகும் என்பதைச் சிதம்பரத்தில் நாடகமாகப் போடுகிறாளாம். மேடையில் ஒரு பக்கம் என் போட்டோவோடு பிறந்தநாள் வாழ்த்து, மறுபக்கம் அதே போட்டோவோடு கண்ணீர் அஞ்சலி போஸ்டர். அஞ்சலியை அச்சடித்த கடைக்காரர் தன் வழக்கப்படி மஞ்சக்குப்பத்திலிருந்து முதுநகர் வரைக்கும் ஒட்டிவிட்டார். காலையில காபி குடிச்சிட்டிருக்கேன், வாசல்ல சாவு மேளம். என்கூட கம்பெனியில வேலை பார்த்த சிங்காரம் என்னைப் பாத்ததும் மாலையை முதுகுக்குப் பின்னால ஒளிக்கிறாரு. பின்னாடியே ஐஸ் பெட்டி வருது. யார் அனுப்புனதுன்னு கொண்டுவந்தவனைக் கேட்டா, பண்ருட்டி மச்சான்ங்கிறான். ஒரு போன் போட்டுக் கேக்கத் தோணலையா உங்களுக்கு? அதைவிட வயித்தெரிச்சல், சாவு வீட்டுக்கு வர்றவன் ‘நேத்துகூட நல்லாத்தானே இருந்தாரு’ன்னுதானே மொதல்ல கேப்பான், வந்தவங்க ஒருத்தரும் கேக்கல. ‘போய்ச் சேந்துட்டாரா’ன்னு சேர் இழுத்துப் போட்டு உக்காந்துட்டாங்க.

இதுக்கு நடுவுல, நாடகத்தைக் கேள்விப்பட்டு ஜெர்மனியிலேருந்து அவளைக் கூப்பிட்டிருக்காங்க. ஆராய்ச்சியும் பண்ணலாம், நாடகமும் போடலாமாம். இத்தனை வருஷமா அவ ஆசைப்பட்டது இதைத்தான். இப்பப் போகலைங்கிறா, குளிரு ஒத்துக்காதாம். எனக்கு ரொம்ப சந்தோஷம். நீங்க நேர்ல வந்து, எங்கேயும் போக வேணாம், கூத்தையெல்லாம் விட்டுட்டு இங்கேயே ஒரு காலேஜ்ல வேலை தேடிக்கன்னு தாய்மாமனா கண்டிச்சுச் சொல்லணும்.

பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
இன்றுவரை தங்கள் தங்கை புருஷனாக இருக்கும்
பஞ்சநாதன்

பி.கு: கவரை ஒட்டப் போகும்போது சிங்காரம் வந்தாரு. ஏன் யாரும் கேக்கலைன்னு பிடிச்சு உலுக்கிட்டேன். டாக்டர் என் நுரையீரலைப் பத்தி உங்ககிட்டயும் தனத்துக்கிட்டயும் அருள்மொழிகிட்டயும் சொன்னதை அழுதுகிட்டே சொல்லிட்டாரு. பொங்கலைத் தாண்டாதாமே. பயமாத்தான் இருக்கு மச்சான். மேலே எழுதுனது எதையும் செய்யாதீங்க. சீக்கிரம் வந்து அருள்மொழியை ஜெர்மனிக்கு அனுப்பிவைங்க. புது மருந்துல அப்பா தேறிட்டாருன்னு நீங்க சொன்னா நம்புவா. எனக்குத் தெரியும்னு மட்டும் சொல்லிடாதீங்க, அப்புறம் போகமாட்டா.