தூக்கம் கட்டும் சித்தர்

அறுபத்தைந்தாம் ஆண்டு. சிதம்பரம் வடக்கு வீதியில் கூட்டமோ கூட்டம். பாமர ஜனங்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாம் புதுச்சேரியில் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள்! ஆளுக்கொரு மண்டை ஓட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, தூக்கம் கட்டும் சித்தரின் வாசலில் கால்கடுக்க நின்றார்கள்.

அவர்களில் ஒருவன் கடலூர்ச் சடையப்பன். பாடம் தொடங்கினால் போதும், கண் சொருகிவிடும். போன வாய்மொழித் தேர்வில் கையில் கொடுத்த தொடை எலும்பைக் கட்டிக்கொண்டு, நின்றபடியே குறட்டை விட்டான். அடுத்த வாரம் மறுதேர்வு. அதிலும் கோட்டை விட்டால் படிப்பு அம்பேல். பயல் நடுங்கிப்போயிருந்தான்.

சித்தர் கண்டுபிடித்த காரணத்தைக் கேளுங்கள். படிப்பதற்காகக் கட்டிலடியில் வைத்திருக்கும் மண்டை ஓட்டின் ஆவி, பகலில் வந்து இமைமேல் குந்திக்கொள்கிறதாம்! பரிகாரம்? இரவெல்லாம் விழித்து அதற்கு மந்திரம் சொல்ல வேண்டும். சடையப்பனும் விழித்தான். பகல் தூக்கம் இரட்டிப்பானது. ஆவி முரண்டு பிடிக்கிறது என்று சித்தர் மறுபடி தட்சிணை கேட்டார். மேதைகள் கொடுத்தார்கள்.

கூடப் படிக்கும் பரங்கிப்பேட்டை மெகருன்னிசாவுக்கு எரிச்சல் தாங்கவில்லை. அன்று அவளும் ஒரு மண்டை ஓட்டோடு வந்து நீட்டினாள். சித்தர் அதன் நெற்றியில் கை வைத்து உடம்பை உலுக்கினார்.

"இவன் குடிகாடு கிராமத்து ஆளும்மா. கெணத்துல வுழுந்து செத்தவன். ரொம்பப் பொல்லாதவன்."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க சாமி."

"எங்கிட்டயே பேசுறாம்மா. பொண்டாட்டி புள்ளைங்கள நெனச்சி அழுவுறான்."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. மெகருன்னிசா ஓட்டை வாங்கித் தரையில் ஓங்கி அடித்தாள். பிளந்த இடத்தில் எலும்பைக் காணோம். காகிதக் கூழும் செய்தித்தாள் துண்டுகளும்தான் இருந்தன! பண்ருட்டி பொம்மைக்காரரிடம் சொல்லிச் செய்ததாம். எலும்பெலும்பாகப் படித்த அத்தனை பேரில் ஒருவனுக்கும் அது தெரியவில்லை, பாருங்கள்.

காகிதத்துக்கும் ஆவி உண்டு என்று சித்தர் இழுத்துப் பார்த்தார். யாரோ சிரித்தார்கள். அவ்வளவுதான், மனிதர் கொல்லைப்புறமாக ஓட்டம் பிடித்தார். கமண்டலத்தை மறந்தார், தட்சிணைத் தட்டை மறக்கவில்லை.

சடையப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. "அப்ப எனக்கு ஏன் தூக்கம் வருது?"

"ரெண்டாவது ஆட்டம் சினிமா, அப்புறம் விடியவிடியப் படிப்பு, இப்ப மந்திரம் வேற. ராத்திரி தூங்காதவருக்குப் பகல்ல வேற என்ன வரும்? போய்ப் படுங்க" என்றாள் மெகருன்னிசா.

போய்ப் படுத்தான். தினமும் படுத்தான். மறுதேர்வில் கண்ணைத் திறந்து வைத்தே பதில் சொல்லித் தேறினான்.

ஐயா, அம்மா, சாமியாரோ டாக்டரோ, சொன்னதற்கெல்லாம் தலையாட்டாமல் ஏன், எப்படி என்று கேளுங்கள். டாக்டராக இருந்தால், சிதம்பரத்தில் மண்டை ஓட்டோடு வரிசையில் நின்றவரா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.