பன்றிக்குழிக்கு வைத்த படையல்

குழிக்குள்ளிருந்து மறுபடியும் உறுமல் கேட்டது.

முத்திருளன் சுண்ணாம்புக் கூடையைக் கீழே போட்டான். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அவனியாபுரம் கண்மாய்க்கரையில், முள் மூடிய பழைய செங்கல் காளவாசலை ஒட்டி, காய்ச்சல் கண்ட பன்றிகளைப் புதைத்தவனே அவன்தான். நோய் பரவாமலிருக்கத் தினமும் வந்து சுண்ணாம்பு தூவுவதும் அவன் வேலைதான். கால்நடை ஆஸ்பத்திரியிலேயே தைரியசாலி என்று பெயரெடுத்தவன். இப்போது போட்ட கூடையை எடுக்காமலே ரோட்டுக்கு ஓடினான்.

அன்று, காது நீலம் பாரித்த பன்றிகளுக்கு டாக்டர் சாகடிக்கும் ஊசி போடப் போட, இவன் இழுத்துக் குழியில் தள்ளினான். அவசரத்தில் ஒன்றை உயிரோடு தள்ளிவிட்டோமோ? வீட்டில் மனைவி அன்னக்கொடிக்கு நிறைமாதம். வாயில்லா ஜீவனின் சாபம் பிள்ளையைப் பிடித்தால் என்ன செய்வது?

மறுநாள் செல்லத்தாய் வீட்டு வாசலில் போய் நின்றான். அவளுடைய பன்றிகள்தான் குழியில் பாதி.

"தங்கச்சி, குழிக்குள்ள சத்தம் கேக்குது."

அவள் முகம் வெளுத்தது. "அங்கிட்டு எதுக்குண்ணே போறீக?"

"சுண்ணாம்பு போடாட்டி டாக்டர் விடுவாரா? ஒரு வழி சொல்லு தாயி."

அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "பசியோட செத்ததுக. தவிடும் பிண்ணாக்கும் கரைச்சு வச்சிட்டு, திரும்பிப் பாக்காம வந்துருங்க."

வைத்தான். மறுநாள் சட்டி நக்கித் துடைத்தாற்போலக் கிடந்தது.

படையலைக் கூட்டினான். உறுமலும் கூடியது. பசியில் முனகிக்கொண்டிருந்த பேய் இப்போது ஏப்பம் விட்டது. வேறு வழியில்லாமல் டாக்டரிடமே சொன்னான்.

"செத்த பன்னி எங்கய்யா கத்தும்?" என்று சிரித்தபடி அவர் பைக்கில் வந்தார். குழியோரம் குனிந்தார். மண்ணுக்கடியிலிருந்து வருவதுபோல நீளமாக ஒரு உறுமல்.

"காத்து," என்றார் டாக்டர். "காத்துதான்யா." பைக்கை உதைத்துக் கிளப்பவும் மறந்து, தள்ளிக்கொண்டே ஓடினார். ரோட்டில் ஏறிய பிறகுதான் அதிகாரம் திரும்பி வந்தது.

"குழியை மட்டும் தோண்டிராத! நோய் வெளிய வந்துச்சுன்னா இந்தச் சுத்துப்பட்டுல ஒரு பன்னி மிஞ்சாது!"

அடுத்த நாள் சாயங்காலம் அன்னக்கொடிக்கு வலி எடுத்தது. மருத்துவச்சி உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தாள். "பிள்ளை இறங்க மாட்டேங்குதே," என்றாள்.

முத்திருளன் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கண்மாய்க்கு ஓடினான். அங்கேயும் ஒரு முனகல். சற்று முன் வீட்டில் கேட்ட அதே முனகல். அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

"என்னைப் பெத்தவுகளே, எம்புள்ளைய விட்டுருங்க! இந்தா, வெளிய எடுத்துடுறேன்!"

வேலை போனாலும் போகட்டும் என்று மண்வெட்டியை ஓங்கினான். பின்னாலிருந்து ஒரு ஈரக்கை அவன் மணிக்கட்டைப் பிடித்தது. திரும்பிப் பார்த்தான். முழங்கை வரை ரத்தத்தோடு செல்லத்தாய்.

"தோண்டிராதீகண்ணே! காய்ச்சல் வாரதுக்கு முந்தியே பிரிச்சு, காளவாசலுக்குள்ள ஒளிச்சு வச்ச என் சினைப்பன்னி, உங்க பிண்ணாக்கைத் தின்னு இப்பத்தான் குட்டி போடுது!"