மாப்பிள்ளைக்கு, அனுமதி இழந்த நிர்வாகி எழுதுவது

மரியாதைக்குரிய மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. உங்கள் நலத்தையும் என் மகள் நலத்தையும் விசாரிக்கும் அனுமதி எனக்கு இன்னும் இருக்கிறது என்ற நம்பிக்கையில் விசாரிக்கிறேன். இங்கே உங்கள் அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, கோபம் குறையவில்லை. போனில் சொல்லத்தான் மூன்று முறை முயன்றேன். நீங்கள் "சொல்லுங்க மாமா" என்றதும் "சும்மாதான்" என்று வைத்துவிட்டேன். எழுத்தில் என்றால் அடித்துத் திருத்தலாம்.

விஷயம் நம் குடியிருப்பின் புத்தக அறையைப் பற்றியது. வரும் ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம். அறையைக் காலி செய்து ஸ்கூட்டர் நிறுத்தும் இடமாக்க வேண்டும் என்று சங்கச் செயலாளர் தீர்மானம் கொண்டுவருகிறார். அவர் டயர் கடை வைத்திருப்பதை நான் இதோடு முடிச்சுப் போடுவதில்லை. உங்கள் அத்தை போடுகிறாள். அங்கே யாரும் புத்தகம் எடுப்பதில்லை என்பது அவர் கட்சி. இந்த ஆண்டில் மட்டும் அறுநூற்றுப் பன்னிரண்டு முறை எடுத்திருக்கிறார்கள் என்பது என் கட்சி. அதற்கான சாட்சியெல்லாம் நீங்கள் அறையின் கணினியில் அமைத்துக்கொடுத்த தரவுத்தளத்தில் இருக்கிறது. அதை இன்றைய தேதியில் எங்களில் ஒருவராலும் திறந்து பார்க்க முடியாது. காரணம் நான்தான்.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் தலைமை நிர்வாகியின் கடவுச்சொல்லை என்னிடம் கொடுத்து, "எல்லா அதிகாரமும் உங்ககிட்டதான் மாமா" என்றீர்கள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. ஒரே வரியில் எல்லா அட்டவணைகளையும் அழித்துவிடக்கூடிய மனிதன் நான் என்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. வேலைக்குத் தேவையான அனுமதிக்கு மேல் ஒருவருக்கும் கொடுக்கக் கூடாது என்று நீங்கள் விட்டுச்சென்ற கையேட்டில் பதினான்காம் பக்கத்தில் இருக்கிறது. அதன்படி எனக்கென்று சாதாரணக் கணக்கு ஒன்று தொடங்கி, பார்க்க மட்டும் அனுமதி கொடுத்துக்கொண்டேன். முழு உரிமையையும், அதைப் பிறருக்கு வழங்கும் உரிமையோடு சேர்த்து, உங்கள் அத்தையின் கணக்குக்குக் கொடுத்தேன். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ஏற்பாட்டை எழுத்தில் பதிவு செய்தேன் என்றுதான் நினைத்தேன்.

ஆகவே யாராவது புத்தகம் கேட்டால் நான் மாடி ஏறி, ஒரு வரி சேர்ப்பதற்கு அனுமதி கேட்டு உங்கள் அத்தையிடம் விண்ணப்பிப்பேன். அவள் அடுப்பைத் தணித்துவிட்டுக் கீழே வந்து அனுமதி கொடுப்பாள். வரியைச் சேர்த்ததும் அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளச் சொல்லி மறுபடி மேலே போவேன். ஒன்பதாம் நாள் அவள் சொன்னாள்: "ஏங்க, எனக்கு முழங்கால்னு ஒண்ணு இருக்கு. அந்தச் செயலாளர் கீழ் வீட்டுலதானே சும்மா உட்கார்ந்திருக்கார், அவரே கொடுக்கட்டும்." எதிர்த்தரப்பும் உள்ளே இருப்பது நியாயம்தானே என்று எனக்கும் பட்டது. அவள் தன் உரிமையைச் செயலாளருக்கு வழங்க, அவர் அதிலிருந்து பார்க்கவும் வரி சேர்க்கவும் எனக்கு அனுமதி வழங்கினார். அவரும் சங்க உறுப்பினர் பட்டியலை அதே தரவுத்தளத்தில் ஏற்றிவிட்டு, பட்டியல் இருந்த பேரேட்டைப் பழைய காகிதக்காரருக்குப் போட்டுவிட்டார். அப்போதுதான் கவனித்தேன், பார்க்கும் அனுமதி எனக்கு இரண்டு வழிகளில் இருந்தது. ஒருவனுக்கு ஒரே உரிமை இரண்டு வழியில் இருப்பது ஒழுங்கல்ல என்று, முன்பு நேராகக் கொடுத்துக்கொண்டதை நானே நீக்கினேன். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன். அந்த ஒரு இரவுதான்.

போன செவ்வாய்க்கிழமை உங்கள் அத்தை தன் பெயரைத் தேடிப் பார்த்திருக்கிறாள். சமையல் புத்தகம் ஒன்றை நாற்பத்தொரு நாளாகத் திருப்பவில்லை என்று இருந்தது. அவள் திருப்பியது எனக்குத் தெரியும். வாங்கி அடுக்கியவன் நான். செயலாளர் தேதியை மாற்றியிருக்கிறார் என்று புரிந்ததும், கொடுத்ததை உடனே பிடுங்க வேண்டும் என்றாள். கணினி மறுத்தது. அவரிடமிருந்து உரிமை பெற்றவர் இன்னொருவர் இருக்கிறார், அவரிடமிருந்தும் சேர்த்துப் பறித்தால்தான் ஆகும் என்று எச்சரித்தது. நான் அதை நிறுத்தி நிதானமாக வாசித்து, இந்த அனுமதிச் சங்கிலி என்றால் என்ன என்று காகிதத்தில் அம்புக்குறி போட்டு விளக்கினேன்.

"சேர்ந்து போறது யாரு?" என்றாள்.

"நான்தான்."

"பரவாயில்ல," என்று பொத்தானை அழுத்தினாள்.

அரை மணியில் செயலாளர் வந்துவிட்டார். கத்தவில்லை, கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். "ஓட்டெடுப்பு வாரத்துல உங்க வீட்டம்மா கையில மட்டும் எல்லாம் இருக்கே, இது நியாயமா சார்?" என்றார். நியாயம் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு மறுக்க வராது. உங்கள் அத்தையிடம் போய் நின்றேன். "தாராளமா எடுத்துக்குங்க. இனிமே அனுமதி அனுமதின்னு என் பின்னாடி வராம இருந்தா சரி," என்றாள். நீங்கள் கொடுத்த கடவுச்சொல் இன்னும் என்னிடம்தான் இருந்தது, அதைக்கொண்டு தலைமைக் கணக்கில் நுழைந்து அவள் உரிமையையும் நீக்கினேன். பிறகு பார்த்தால் தலைமைக் கணக்கோடு நான் ஒருவன்தான் மிச்சம். எந்தப் பயத்திலிருந்து ஓடினேனோ அதே இடத்தில் வந்து நிற்கிறேன். எனவே கடவுச்சொல்லை மாற்றி இரண்டு பாதியாக்கினேன். முதல் பத்து எழுத்துகளை உங்கள் அத்தை சுவரைப் பார்த்து நிற்க நான் அடித்தேன். அடுத்த பத்தை நான் சுவரைப் பார்த்து நிற்க அவள் அடித்தாள். என் ஞாபகத்தின் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. அதனால் என் பாதியைப் பத்திரமான ஓரிடத்தில் குறித்துவைத்துவிட்டு வெளியே வந்தேன்.

பத்திரமான இடம் தரவுத்தளம்தான். குறிப்புகள் அட்டவணையில், மூன்றாவது வரி. நான் வெளியேறி, திரையை மூடி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது.

மாப்பிள்ளை, சனிக்கிழமைக்குள் வந்து எப்படியாவது திறந்துகொடுங்கள். புத்தகங்கள் இப்போதே பெட்டிக்குள் போக வேண்டியவை போலப் பார்க்கின்றன. ஓய்வுபெற்ற பிறகு என்னை யாராவது தேடி வருவது அந்த அறைக்குத்தான்.

மகளுக்கு என் ஆசிகள். அவளிடம் இதைச் சொல்ல வேண்டாம், சிரிப்பாள். நீங்கள் இருவரும் குறைவில்லாமல் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: இன்று ஞாயிறு மாலை. தபால் பெட்டி வரை இரண்டு முறை போய், இரண்டு முறையும் சந்தேகப்பட்டுத் திரும்பியதில் கடிதம் என் பையிலேயே இருந்துவிட்டது. கூட்டம் முடிந்தது. ஓட்டெடுப்புக்கு முன் உறுப்பினர் பட்டியலை உரக்க வாசிக்க வேண்டும் என்பது சங்க விதி. பட்டியல் எங்கே என்று கேட்டார்கள். செயலாளர் என்னைப் பார்த்தார். நான் உங்கள் அத்தையைப் பார்த்தேன். "எனக்கு அனுமதி இல்லையே," என்றாள். பட்டியல் கிடைக்கும்வரை தீர்மானத்தைத் தள்ளிவைத்துவிட்டார்கள். அறை தப்பித்தது. ஆகவே மேலே கேட்ட உதவியைத் தயவுசெய்து செய்துவிடாதீர்கள்.

இன்னொன்று. கூட்டம் கலையும்போது என் பாதிக் கடவுச்சொல் நினைவுக்கு வந்துவிட்டது. உங்கள் அத்தையிடம் மட்டும் சொன்னேன். மறந்துவிட அனுமதி கொடுத்திருக்கிறாள்.