கடைசி வரிசை, பதினான்காம் நம்பர்

"இது என்னங்க?"

மனைவியின் கையில் துவைக்க எடுத்த சட்டை. இன்னொரு கையில், அதன் பையிலிருந்து வந்த சினிமா டிக்கெட். வியாழக்கிழமை, மதியக் காட்சி, கடைசி வரிசை, பதினான்காம் நம்பர்.

கண்ணாடிக்காரருக்குப் பகீரென்றது. மூக்குக் கண்ணாடிக் கடையில் பதினொரு வருடமாகக் கண் சோதிப்பவர் அவர். எழுத்துத் தெரியாமலே தெரிகிற மாதிரி நடிப்பவர்களை நொடியில் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் அவரே நடிக்க வேண்டி வந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

விஷயம் பெரிய குற்றமொன்றும் இல்லை. வீட்டில் எட்டு மாத இரட்டைக் குழந்தைகள். அண்ணன் அழுது ஓய்ந்ததும் தங்கை ஆரம்பிப்பாள். இருவரும் சேர்ந்து தூங்கியதாகச் சரித்திரமே இல்லை. வியாழக்கிழமை கடை அரைநாள்தான் என்பதை அவர் வீட்டில் சொல்லவில்லை. அன்று மதியம் பிள்ளைகள் பக்கத்துத் தெருவில், குழந்தை பார்த்துக்கொள்ளும் அம்மாவிடம் இருப்பார்கள். மனைவி பள்ளியில் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருப்பாள். அந்த மூன்று மணி நேரமும் அவர் தியேட்டரில் போய்த் தூங்கினார். இருட்டு, குளிர்ச்சி, சாய்வு நாற்காலி, "என்னங்க" என்று யாரும் கூப்பிடாத நிம்மதி. இதைவிட ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்?

உறுத்தல் இல்லாமல் இல்லை. அவளும்தான் தூங்கி மாதக்கணக்கில் ஆகிறது. சனிக்கிழமை கூடச் சிறப்பு வகுப்பு என்று விடைத்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். அவளை விட்டுவிட்டுத் தான் மட்டும் தூங்குவது பச்சைத் துரோகம். அதனால்தான் அவரால் வாய் திறக்க முடியவில்லை.

"அது வந்து... முதலாளி அனுப்பினாரு. நம்ம கடை விளம்பரம் திரையில ஒழுங்கா வருதான்னு வாரா வாரம் போய்ப் பாக்கணுமாம்."

"அப்படியே படமும் பாத்தீங்களா?"

"பின்னே? எனக்குத்தான் சினிமான்னா உயிராச்சே!"

இது அவருக்கே புதுச் செய்தி.

"அப்படியா? எங்கிட்ட சொல்லவே இல்லையே! படம் எப்படி?"

அவர் பார்த்தது, புகைபிடிக்கக் கூடாது என்கிற எச்சரிக்கை வரைக்கும்தான். "முதல் பாதி சுமார். ரெண்டாம் பாதியிலதான் விஷயமே இருக்கு. கதாநாயகனுக்கு ரெட்டை வேஷம்! இடைவேளை வரைக்கும் நமக்குத் தெரியவே தெரியாது." வீட்டு நிலவரத்தில் 'ரெட்டை' என்ற சொல்தான் வாயில் முதலில் வந்தது.

மனைவி ஒரு கணம் விழித்தாள். பிறகு தலையை வேகமாக ஆட்டினாள். "ஆமா ஆமா. எங்க ஸ்டாஃப் ரூம்லயும் அதையேதான் சொன்னாங்க. ரெட்டை வேஷம் பிரமாதமாமே."

அட, குருட்டாம்போக்கில் விட்டது சரியாகப் போய் விழுந்திருக்கிறதே என்று அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"சட்டைக் கையில என்ன சிவப்பு மை?"

"அந்த சீட்டோட கைப்பிடியில இருக்கு. யாரோ பேனாவை மூடாம வெச்சிருக்காங்க. பொறுப்பில்லாத ஜென்மங்க."

அவள் சட்டென்று திரும்பிச் சட்டையை ஊறவைக்கப் போனாள்.

அடுத்த வியாழக்கிழமை டிக்கெட் கொடுக்குமிடத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. இந்த மாதக் கடைசியோடு தியேட்டரை மூடுகிறார்களாம். இருட்டில் சீட்டுக் காட்டுகிற டார்ச்சுக்காரர்தான் விவரம் சொன்னார். படம் முடிந்ததும் கண்ணாடிக்காரரின் தோளைத் தொட்டு எழுப்பி அனுப்புகிற புண்ணியவான் அவர்.

"இன்னைக்கு மொத்தம் ஒன்பது பேரு சார். எல்லாரும் போன்லயே பாத்துக்கறாங்க. ஒன்பது பேருக்காக எத்தனை நாளைக்கு ஏசி போடுவாங்க?"

"அப்ப என் கதி?" என்றார் கண்ணாடிக்காரர். அன்று அவருக்குத் தூக்கமே பிடிக்கவில்லை.

மறுநாள் கடையிலும் இதே பேச்சு. "தியேட்டரெல்லாம் இனிமே எதுக்குய்யா?" என்றார் முதலாளி. "நான் பல்லு விளக்கறதுக்குள்ள பாதிப் படம் பாத்துடறேன். பாட்டு வந்தா தள்ளிவிடறேன், சண்டை வந்தா தள்ளிவிடறேன். நேத்து ஒரு படம் பன்னெண்டு நிமிஷத்துல முடிஞ்சுபோச்சு. நல்ல படம்."

"இருட்டு வேணும் முதலாளி!" என்று கண்ணாடிக்காரர் பொங்கிவிட்டார். "இருட்டுல, குளிர்ல, மூணு மணி நேரம் எழுந்திருக்காம உட்காரணும். அந்தச் சுகம் உங்க போன்ல வருமா?"

ஒரு சினிமா ரசிகன் தன் கடையிலேயே இருந்திருக்கிறானே என்று முதலாளி வியந்துபோனார்.

அந்த நேரம் பார்த்து ஒருவர் புதுக் கண்ணாடியோடு வந்தார். "போட்டா தலை சுத்துது தம்பி."

கண்ணாடிக்காரருக்குப் பளிச்சென்று ஒரு யோசனை உதித்தது. "பழகலைன்னா அப்படித்தான் இருக்கும் சார். ஒரு தடவை தியேட்டர்ல போய்ப் படம் பாருங்க. பெரிய திரை, தூரப்பார்வை, இருட்டு. மூணு மணி நேரத்துல கண்ணு பழகிடும். இப்ப ஓடற படத்துல ரெட்டை வேஷம் வேற. ரெண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம் தெரிஞ்சா உங்க கண்ணாடி கச்சிதம்னு அர்த்தம்."

"நீங்க எப்ப போவீங்க?"

"நான் வியாழக்கிழமை மதியம்தான்." வாய் தவறி வந்துவிட்டது.

ஒரு வாரத்தில் இந்த வைத்தியத்தை நாற்பது பேருக்காவது எழுதிக் கொடுத்திருப்பார்.

வியாழக்கிழமை ஆவலோடு போய்ப் பதினான்காம் நம்பரில் சாய்ந்து கண்ணை மூடினார். முன் வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "தம்பி! நல்லவேளை, நீங்களும் இருக்கீங்க. ஓரத்துல வளைஞ்சு தெரியுதே?"

கண்ணைத் திறந்தார். அரங்கம் முழுக்கப் புதுக் கண்ணாடிகள் மின்னின. "அண்ணே, மூக்குல அழுத்துது." "சார், காதுக்குப் பின்னால வலிக்குது." இடைவேளையில் பாப்கார்ன் விற்கிற இடத்தில் நின்றுகொண்டு பதினோரு பேருக்கு ஃபிரேமை நிமிர்த்திக் கொடுத்தார். போதாக்குறைக்கு, இடைவேளைக்குப் பிறகு பக்கத்து சீட்டுக்காரர், "ரெட்டை வேஷம் எப்ப வரும்?" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விலாவில் இடித்தார்.

அன்றைக்குத்தான் அவர் படத்தை முழுசாகப் பார்த்தார். கலங்கரை விளக்கத்தில் தனியாக வசிக்கிற ஒரு மனிதனின் கதை. ஆரம்பத்திலிருந்து முடிவு வரை திரையில் ஒரே ஓர் ஆள். ரெட்டை வேஷம் கிடக்கட்டும், அந்த ஆளோடு பேசக் கூட நாதி கிடையாது.

வெள்ளிக்கிழமை கடை திறக்கும் முன்பே வாசலில் வரிசை நின்றது.

"எனக்கு ஒரு ஆளுதான் தெரிஞ்சாரு. பவர் தப்பு. மாத்திக் குடுங்க."

"என் வீட்டுக்காரிக்கும் ஒருத்தர்தான் தெரிஞ்சாராம்."

"எனக்கு மொதல்லேர்ந்தே ரெண்டு பேராத் தெரிஞ்சாங்க," என்றார் ஒரு பெரியவர் திருப்தியோடு. அவருடைய கண்ணாடியை மட்டும் கண்ணாடிக்காரர் அவசரமாக வாங்கி உள்ளே வைத்தார்.

முதலாளி முறைத்தார். வேலைக்கே உலை வைத்துவிடுவார் போலிருந்தது. "பவரெல்லாம் சரியாத்தான் இருக்கு," என்றார் கண்ணாடிக்காரர் வேர்த்து விறுவிறுத்து. "அது நுணுக்கமான ரெட்டை வேஷம். ஒரு தடவை பாத்தா பிடிபடாது. ரெண்டாவது தடவை பாக்கணும்."

விளைவு, எல்லோரும் சாட்சிக்குக் குடும்பத்தையும் அழைத்துக்கொண்டு போனார்கள். அந்தக் குடும்பங்கள் கட்சி பிரிந்து சண்டை போட்டுக்கொண்டன. ரெட்டை வேஷம் உண்டு என்று ஒரு கட்சி, இல்லை என்று ஒரு கட்சி. தகராறைத் தீர்க்க அக்கம்பக்கமும் போனது. எந்த நாளும் எந்தக் காட்சியிலும் இடம் இல்லை. மூடும் அறிவிப்பைக் கிழித்துவிட்டு 'அரங்கம் நிறைந்தது' என்று பலகை மாட்டினார்கள். வியாழக்கிழமை கண்ணாடிக்காரர் படிக்கட்டில் உட்கார்ந்து, விசில் சத்தத்துக்கு நடுவே, முழுத் தூக்கக் கலக்கத்தோடு கலங்கரை விளக்கத்தை இன்னொரு தடவை பார்த்தார். தியேட்டரைக் காப்பாற்றியாகிவிட்டது. தூக்கம்தான் போயே போய்விட்டது.

சனிக்கிழமை மாலை மனைவி கண் சிவக்க வந்து பையைத் தொப்பென்று போட்டாள்.

"என்னம்மா ஆச்சு?"

"சிறப்பு வகுப்புக்குத் திடீர்னு கூட்டம் வந்துடுச்சுங்க. ஒரே கூச்சல். ஒரு நிமிஷம் கண்ணை மூட முடியல."

"இந்தக் காலத்துப் பசங்க அப்படித்தான்," என்றார் அவர். அவள் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று கூடத் தோன்றியது. அதற்குள் அண்ணன் அழ ஆரம்பித்துவிட்டான்.

மறு வியாழன் தியேட்டர் மேலாளரே வாசலுக்கு வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், நீங்கதான் எங்களைக் காப்பாத்தினீங்கன்னு கேள்விப்பட்டேன். இனிமே நீங்க எந்தக் காட்சிக்கு வந்தாலும், எந்த சீட்டு கேட்டாலும் உங்களுக்குத்தான். இவர்கிட்ட சொன்னாப் போதும்." டார்ச்சுக்காரரைக் காட்டிவிட்டுப் போனார்.

கண்ணாடிக்காரர் டார்ச்சுக்காரரைத் தூணோரமாகத் தள்ளிக்கொண்டு போனார். வியாழக்கிழமை இனி உதவாது, வாடிக்கையாளர்கள் விடமாட்டார்கள். சனிக்கிழமை மதியம் பிள்ளைகள் அந்த அம்மாவிடம் இருப்பார்கள், மனைவி சிறப்பு வகுப்பில் இருப்பாள். ஒரே ஒரு நாள் கடைக்கு விடுப்புச் சொன்னால் போதும்.

"அண்ணே, உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு? நான் தூங்க வர்ற ஆளு. இந்தச் சனிக்கிழமை மதியம் என்னோட பதினாலாம் நம்பரை எனக்கு எடுத்து வைங்க. வேற எதுவும் வேண்டாம்."

டார்ச்சுக்காரர் தலையைச் சொறிந்தார்.

"வேற எந்த சீட்டு வேணும்னாலும் கேளுங்க சார். சனிக்கிழமை மதியம் அது மூணு மாசமா ஒரு கணக்கு டீச்சரம்மாவோட சீட்டு. ரெட்டைப் பிள்ளைக்காரங்க, பாவம், விடைத்தாள் கட்டைத் தலைக்கு வெச்சுக்கிட்டுத் தூங்குவாங்க, வீட்டுக்காரருக்கு சினிமான்னா உயிராம், தூங்கத்தான் வர்றேன்னு தெரிஞ்சா மனுஷன் மனசொடிஞ்சு போயிடுவாருன்னு பயப்படறாங்க!"