முகூர்த்தம் முடிந்ததும் வாடிப்பட்டி பஸ்

தல்லாகுளம்,
ஞாயிறு மதியம்.

பரமக்குடியில் இருக்கும் மரியாதைக்குரிய மூத்த மச்சான் வெங்கடசுப்பிரமணியன் அவர்களின் சமூகத்திற்கு, தங்கள் தங்கை சுந்தரவல்லியைக் கட்டிய துளசிராமன் வணங்கி எழுதிக்கொண்டது. அங்கே அனைவரும் சுகமாக இருக்கப் பெருமாளை வேண்டுகிறேன். இங்கே என்னைத் தவிர எல்லோரும் சுகம். போனில் நம் வீட்டுச் சௌராஷ்டிர பாஷையில் பேச ஆரம்பித்தால் அழுதுவிடுவேன் என்று பயந்து தமிழில் எழுதுகிறேன்.

பிருந்தாவின் கல்யாணம் தை மாதம் என்று முடிவானது தங்களுக்குத் தெரியும். அந்தத் தேதியில் இந்தியா ஆஸ்திரேலியா டெஸ்ட் நடக்கிறது என்பது தெரியாது. நேற்று உங்கள் மருமகன் விஜய்ஆனந்த், அதாவது நான் பெற்ற பிள்ளை, காப்பி குடித்துக்கொண்டே சொல்கிறான்: "முகூர்த்தம் ஏழரைக்கு முடிஞ்சிரும்ப்பா. மேட்ச் ஒம்பதரைக்குத்தான். நீங்க எட்டு மணி பஸ்ஸப் பிடிச்சா வாடிப்பட்டி போயிரலாம்." பெண்ணைப் பெற்ற தகப்பன், மச்சான். சாப்பாட்டுப் பந்திக்குக்கூட இருக்கக் கூடாதாம்.

வாடிப்பட்டி எதற்கென்று கேட்பீர்கள். இரண்டாயிரத்து ஒன்றில் கொல்கத்தாவில் நம் ஆட்கள் இரண்டு பேர் ஒரு நாள் முழுக்க அவுட்டாகாமல் ஆடினார்களே, அன்றைக்கு நான் ஆபீஸ் வேலையாகப் போய், பஸ் பிரேக்டவுனாகி, வாடிப்பட்டியில் வெள்ளைத்துரையின் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். நான் வீட்டில் இல்லாததால்தான் ஜெயித்தோம் என்று என் தலையெழுத்து அன்றே முடிவாகிவிட்டது. அதிலிருந்து ஆஸ்திரேலியா மேட்ச் என்றால் நான் வீட்டில் இருக்கப்படாது. அவன் ஊரில் நடத்தினால் விடிகாலை அஞ்சு மணிக்கே ஆட்டம், மார்கழிக் குளிரில் மப்ளரைச் சுத்திக்கிட்டு முதல் பஸ்ஸுக்கு ஓடணும். இங்க நடத்தினா வெயில்ல காயணும். எந்த நாடு நடத்தினாலும் அலையிறது நான்தான். கொரோனா காலத்தில் பிரிஸ்பேனில் ஜெயித்தபோதும் முகமூடி போட்டுக்கொண்டு அங்கேதான் கிடந்தேன். என் வீட்டில் கேக் வெட்டினார்கள், எனக்கு ஒரு துண்டு எடுத்து வைக்கவில்லை.

இரண்டாயிரத்து இருபத்து மூன்று உலகக் கோப்பை பைனலன்று வெள்ளைத்துரை கடை வடை வயிற்றைக் கலக்கிவிட்டது. பாதியில் வீட்டுக்கு ஓடிவந்தேன். ஆஸ்திரேலியாவுக்கு மூணு விக்கெட் விழுந்து வீடே குதித்துக்கொண்டிருந்த நேரம். நேரே பாத்ரூமுக்குள்தான் போனேன், டிவி பக்கம் திரும்பக்கூட இல்லை. அதற்கப்புறம் அவர்களுக்கு இன்னும் ரெண்டே ரன் வேணும் என்கிற வரைக்கும் விக்கெட்டே விழவில்லை. "அம்புட்டு அவசரமா உங்களுக்கு? வாடிப்பட்டில பாத்ரூமே இல்லையா?" என்று கேட்ட உங்கள் தங்கை, பொங்கலுக்குத்தான் மறுபடி வாய் திறந்தாள்.

போன தடவை ஆஸ்திரேலியாவில் தொடரையே தோற்றோம். அப்போதும் நான் வாடிப்பட்டியில்தான் இருந்தேன். அதைச் சொன்னால், "அங்க உக்காந்து போன்ல ஸ்கோர் பாத்திருப்பீங்க" என்கிறான் பிள்ளை. என் போனில் நெட் கிடையாது, மச்சான்.

பிருந்தாவாவது எனக்காகப் பேசுவாள் என்று இருந்தேன். "போட்டோவெல்லாம் முகூர்த்தத்துலயே எடுத்துக்கலாம்ப்பா" என்று சொல்லிவிட்டாள். எனக்கு இருப்பது ஒரே பெண். சாயங்காலம் அவள் கார் ஏறும்போது நான் பக்கத்தில் நிற்க வேண்டாமா? நான் பஸ் ஸ்டாண்டில் நின்றால் அவள் யாரைப் பார்த்து அழுவாள்? நினைத்தால் சோறு இறங்கவில்லை. தாங்கள் படித்தவர், இந்த மூடத்தனத்தில் எல்லாம் நம்பிக்கை இல்லாதவர். தங்கள் சொல்லைத்தான் சுந்தரவல்லி கேட்பாள். தங்கையிடம் ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லி, என்னைக் கல்யாணத்தில் இருக்க விடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். பேரப்பிள்ளைகள் ஆயுசோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
துளசிராமன்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் ஒரு விஷயம் தெரியவந்தது. போன தடவை தோற்ற அந்தத் தொடரில், மெல்போர்ன் டெஸ்டில் கடைசி நாள் டீ இடைவேளை வரைக்கும் நம் ஆட்கள் நன்றாகத்தான் நின்றிருக்கிறார்கள். டீ முடிந்த கையோடு, கண் டாக்டரைப் பார்க்க வந்த தாங்கள் நம் வீட்டுக்குள் நுழைந்து, சோபாவில் உட்கார்ந்து, "என்ன ஸ்கோர்?" என்று கேட்டீர்களாம். அப்புறம் விழுந்தது ஏழு விக்கெட். சுந்தரவல்லிக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. நான் இருக்கலாம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ஆகவே தங்கையிடம் ஒன்றும் பேச வேண்டாம். தாய்மாமன் செய்முறையெல்லாம் ஏழரைக்குள் முடிந்துவிடும். வெள்ளைத்துரை கடையில் காற்று வருகிற பெஞ்சாகத் தங்களுக்குச் சொல்லி வைக்கிறேன். வடை மட்டும் வேண்டாம்.